பதியாத பக்கம்

நூர்நிஷாவுக்கு என்ன வேலை என்று தெருவில் யாராவது கேட்டால் அவள் உம்மா ஜாஹிரா பீவிதான் முந்திக்கொண்டு பதில் சொல்லுவாள்.

"ஆளுக கம்ப்யூட்டர்ல கடை போட்டு வச்சிருக்காவல்லா, அது கூகுள்ல பதிஞ்சிருக்கா இல்லையான்னு பாத்துச் சொல்லுதா."

"பத்திரம் பதியுற மாதிரியா மாமி?"

"அப்படித்தான்னு வச்சுக்கோயேன். மனை இருந்தா மட்டும் போதுமா? பதியாண்டாமா?"

குத்துக்கல்வலசையில் அந்த விளக்கம் யாருக்கும் புரியும். நெல் விளைந்த வயலெல்லாம் கல் ஊன்றி, கலர் கொடி கட்டி, மனையாகிக்கொண்டிருக்கிற ஊர். ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போகாத வீடு அங்கே குறைவு.

உம்மா சொன்னதில் பெரிய தப்பும் இல்லை. கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று தினமும் காலையில் பக்கங்களின் முகவரிகளை அனுப்பும். நூர்நிஷா மாடி அறையில் உட்கார்ந்து, 'சைட்' என்று அடித்து, இரண்டு புள்ளி வைத்து, முகவரியை ஒட்டிப் பார்ப்பாள். கூகுள் எடுத்துக்கொண்டிருந்தால் பக்கம் வந்து நிற்கும். இல்லாவிட்டால் எதுவும் கிடைக்கவில்லை என்று வரும். வராதவற்றை ஏன் வரவில்லை என்று பார்த்து, சரிசெய்து, மறுபடி விண்ணப்பம் கொடுத்து, வருகிறவரை காத்திருக்க வேண்டும். புருஷன் ஷார்ஜாவுக்குப் போனதிலிருந்து அவள் வாப்பா வீட்டு மாடியில்தான் இருந்தாள். வேலையும் அங்கேதான்.

அவள் தம்பி முஃபீத் காணாமல் போனது குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்த ஜூலை மாதம்.

கத்தாரிலிருந்து திரும்பி வந்தபோதே அவன் பழைய முஃபீத் இல்லை. அங்கே என்ன நடந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால் சிரிப்பான். சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிட மறந்துவிடுவான். நடப்பதில் மட்டும் ஒரு வெறி. சாரல் அடிக்கிற நாளில் குடையில்லாமல் மேலகரம் வழியாகக் குற்றாலம் வரைக்கும் நடந்து போய், குளிக்கவும் மாட்டான், அருவியைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு நனைந்தபடியே திரும்புவான். திருநெல்வேலி டாக்டர் கொடுத்த மாத்திரையை உம்மா பாலில் கரைத்துக் கொடுத்தாள். இரண்டொரு தடவை ராத்திரி வராமல் இருந்துவிட்டு மறுநாள் வந்து நின்றிருக்கிறான். அதனால் ஜூலையில் போனபோதும் முதல் நாள் யாரும் பதறவில்லை. மறுநாளும் வரவில்லை என்றதும்தான் வாப்பா அப்துல் மஜீது கைலிக்கடையைப் பூட்டிவிட்டு நூர்நிஷாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

அருவிக்குப் போகிற பாதை முழுக்க ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவித்து வைத்திருந்தார்கள். எண்ணெய் தேய்த்த ஆட்கள் ஈரத்துண்டோடு இடித்துக்கொண்டு போனார்கள். சாரலுக்குக் கைக்குட்டையை மேலே பிடித்தபடி அப்துல் மஜீது செல்போனில் மகன் படத்தைக் காட்டிக்கொண்டே நடந்தார். "இந்தக் கூட்டத்துல யாரைன்னு பாக்க அண்ணாச்சி" என்றார்கள். கடைசியில் பழக்கடை பலவேசம்தான் படத்தை வாங்கி உற்றுப் பார்த்தான்.

"இவரா? தினம் வந்து நிப்பாருல்லா. முந்தாநாத்து செங்கோட்டை ரோட்டுல மேக்காம நடந்து போனாரு. மழையில போறீயளே, இந்தச் சாக்கையாவது தலையில போட்டுக்கிடுங்கன்னேன். வாங்கிக்கிடல."

மேற்கே என்றால் செங்கோட்டை, அதைத் தாண்டினால் ஆரியங்காவு, கேரளம். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார்கள். செங்கோட்டை பஸ் ஸ்டாண்டு, ரயிலடி, பள்ளிவாசல்கள் என்று அலைந்தார்கள். அந்த வாரத்திலேயே நூர்நிஷா அவனுக்கென்று ஒரு வலைப்பக்கம் உண்டாக்கினாள். மேலே கொட்டை எழுத்தில் 'காணவில்லை.' கீழே படம், பெயர், ஊர், போட்டிருந்த சட்டை, தன் பெயரும் செல் நம்பரும். தமிழில் எழுதி, இங்கிலீஷில் எழுதி, கூட வேலை பார்க்கிற மலையாளப் பெண்ணிடம் கேட்டு மலையாளத்திலும் எழுதினாள். அவன் பெயரையோ ஊரையோ எவராவது அடித்தால் இது வரவேண்டும். அவளுக்குத் தெரிந்த ஒரே வேலை அது.

முடித்ததும் லேப்டாப்பைக் கீழே கொண்டுவந்து வாப்பாவிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

"இத யாரு வேணாலும் பாக்கலாமா?"

"பாக்கத்தானே வாப்பா போடுதேன்."

"புளியங்குடிக்காரவுகளும் பாக்கலாமா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தங்கை சஃப்ரினுக்கும் புளியங்குடி ஹம்தானுக்கும் ஆகஸ்ட் கடைசியில் நிக்காஹ். முஃபீத் கத்தாரில் இருக்கிறான், லீவு கிடைக்கவில்லை என்றுதான் மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருந்தது. இதற்கு முன்னால் வந்த சம்பந்தம் ஒன்று, பையனுக்குப் புத்தி சரியில்லையாமே என்று எவரோ போய்ச் சொன்னதில், பரிசம் போடுகிற நேரத்தில் நின்று போயிருந்தது. அன்றைக்குச் சஃப்ரின் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்ததை வீட்டில் யாரும் மறக்கவில்லை.

"கல்யாணம் முடியுத மட்டும் இது வேண்டாம்மா" என்றார் அப்துல் மஜீது.

சஃப்ரின் அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு வந்தாள். "வாப்பா, எனக்காண்டி ஒண்ணும் மறைக்காண்டாம். அக்கா, நீ போடு. அவுக வேண்டாம்னா போட்டும்."

"உனக்கு என்ன தெரியும்? போட்டும்னு லேசாச் சொல்லுத. நாளைக்கு எவன் வருவான் இந்த வாசலுக்கு?" அவர் குரல் உயர்ந்து, உடனே தணிந்தது. "அவன் எங்க போயிருவான்? முன்னயும் போனான், வந்தான்லா? வயிறு பசிச்சா வந்து நிப்பான். அதுக்குள்ள ஊரெல்லாம் படத்தைப் போட்டு, பொம்பளப்புள்ள வாழ்க்கைய..." நூர்நிஷா பக்கம் திரும்பினார். "ஏட்டி நூரு, அழிக்காண்டாம். மூடி மட்டும் வையேன். அப்படி வைக்க முடியாதா?"

உம்மா முட்டாக்கை இழுத்து வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தாள்.

மூடி வைக்க முடியும். தேடுகிறவர்கள் கண்ணில் இந்தப் பக்கம் பட வேண்டாம் என்று சொல்ல ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் டிக் போட்டால் பக்கம் இருக்கும், கூகுள் எடுத்துக்கொள்ளாது. புதுக் கடைக்காரர்கள் மறதியில் அந்த டிக்கை எடுக்காமல் விட்டுவிட்டு, 'எங்க கடை ஏன் வரமாட்டேங்குது' என்று சத்தம்போடுவார்கள். நூர்நிஷா அதை எடுத்துவிட்டுச் சம்பளம் வாங்குகிறவள். அன்றைக்கு அவளே அதைப் போட்டாள். கொஞ்ச நாள்தானே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். வாப்பாவின் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பிறகு நினைத்துப் பார்க்கையில், வாப்பா சொன்னதில் தனக்கும் ஒரு நிம்மதி இருந்ததோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

கல்யாண வேலை வீட்டை இழுத்துக்கொண்டது. காயப்போட்ட துணி காயவில்லை. பந்தல்காரன் மழைக்குத் தகரம் போட வேண்டும் என்றான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அப்துல் மஜீது கடையை அடைத்துவிட்டுச் செங்கோட்டை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் யாரும் கேட்பதில்லை. அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே குழாயடிக்குப் போய்விடுவார்.

நிக்காஹ் அன்றைக்கு வெயில் அடித்தது. நெய்ச்சோறும் தாளிச்சாவும் மணத்தன. மச்சான் எங்கே என்று ஹம்தானின் சொந்தக்காரர் ஒருவர் கேட்டபோது, "கம்பெனில விடமாட்டேன்னுட்டான்" என்று அப்துல் மஜீது சொல்லிக்கொண்டிருந்தது நூர்நிஷா காதில் விழுந்தது. சஃப்ரின் காரில் ஏறும்போது உம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். மகளைப் பிரிகிற அழுகை என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். "தம்பியத் தேடுங்க உம்மா, இனியாவது தேடுங்க" என்று அவள் சொன்னது பக்கத்தில் நின்ற நூர்நிஷாவுக்கு மட்டும் கேட்டது.

மறுநாள் பந்தல் பிரிக்கிற சத்தத்துக்கிடையில் வாப்பா மாடிக்கு வந்தார்.

"இப்ப எடுத்துவிடும்மா."

அவள் டிக்கை எடுத்தாள். கூகுளுக்கு விண்ணப்பம் கொடுத்தாள்.

"வந்துட்டா?"

"உடனே வராது வாப்பா. அவங்க வந்து பாக்கணும். பாத்துட்டு எடுத்துக்கிடணும்."

"யாரு வரணும்?"

"ஆளு இல்ல. மிஷின்தான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அன்றிலிருந்து கடை திறக்கப் போகுமுன் மாடியேறி வருவது அவருக்கு வழக்கமாயிற்று. கதவருகில் நின்று, "வந்துட்டா?" என்பார். அவள் இல்லை என்பாள். சில நாளில் அவரே பக்கத்தில் உட்கார்ந்து ஒற்றை விரலால் மகன் பெயரை அடித்துப் பழகினார். 'முஃபீத்' என்று அடித்தால் எங்கேயோ இருக்கிற டாக்டர் ஒருவர் வந்தார். பந்தாட்டக்காரன் ஒருவன் வந்தான். ஊர்ப் பெயரைச் சேர்த்து அடித்தால் வீட்டு மனை விளம்பரங்கள் வந்தன. தென்காசி பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்தே நிமிடம், தண்ணீர் வசதி, உடனடிப் பத்திரப் பதிவு.

"நம்ம புள்ளையத் தவிர எல்லாம் வருதே" என்றார்.

கூகுளிடமிருந்து முதலில் 'இந்தப் பக்கத்தைப் பற்றித் தெரியாது' என்று பதில் வந்தது. பிறகு, 'பார்த்தாயிற்று, இன்னும் சேர்க்கவில்லை' என்று வந்தது. இந்தப் பதிலைக் கம்பெனிக்காரர்களுக்கு எத்தனையோ தடவை எழுதி அனுப்பியிருக்கிறாள். 'பொறுத்திருக்கவும்' என்று கீழே ஒரு வரி சேர்ப்பாள். புதுப் பக்கம், வேறெங்கிருந்தும் இதைச் சுட்டிக்காட்ட ஒரு ஆள் இல்லை, அதனால் மதிப்பில்லை, அவ்வளவுதான் காரணம். அவள் தெரிந்தவர்களையெல்லாம் கெஞ்சினாள். தோழி ஒருத்தி தன் சமையல் பக்கத்தின் அடியில் முஃபீத்தின் பக்கத்துக்கு வழி போட்டுக் கொடுத்தாள்.

வடகிழக்கு மழை தொடங்கியிருந்த ஒரு காலையில் பக்கம் வந்துவிட்டது. மனை விளம்பரங்களுக்கு மேலே, முதல் ஆளாக, 'காணவில்லை - முஃபீத், குத்துக்கல்வலசை' என்று நின்றது. பக்கத்திலேயே தபால்தலை அளவில் அவன் முகம்.

"உம்மா! பதிஞ்சிட்டு! உம்மா!"

ஜாஹிரா பீவி படியேற முடியாத முழங்காலோடு ஏறி வந்தாள். திரையில் மகன் முகத்தைத் தடவினாள். அந்தப் பழைய லேப்டாப்பில் தொட்டால் ஒன்றும் நகராது. அவள் தடவிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு ரவைப் பாயசம் காய்ச்சிப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டாள். மகன் காணாமல் போயிருக்கிற செய்தி வெளியே வந்ததற்குப் பாயசமா என்று கேட்டவர்களுக்கு அவளால் சொல்லி விளங்கவைக்க முடியவில்லை.

போன் வந்தது அடுத்த வாரம்.

"நூர்நிஷா சேச்சியல்லே? என் பேரு பிஜு. புனலூர் பக்கத்துல, யாருமில்லாத ஆளுகளைப் பாத்துக்கிற ஒரு வீடு உண்டு. ஞான் அங்க வேலை செய்றேன். கூகுள்ல ஒரு போட்டோ கண்டு..."

"தம்பி இருக்கானா? நல்லாருக்கானா? சாப்பிடுதானா?"

"சேச்சி, வீட்டுல ஆம்பளைங்க யாராச்சும் உண்டோ?" என்றான் பிஜு.

வாப்பா போனை வாங்கிக் கேட்டுக்கொண்டார். அவரும் அவளும் ரயிலில் போனார்கள். உம்மா வரவில்லை. "அவன் இல்லாத எடத்துக்கு நான் எதுக்கு?" என்று படுத்துவிட்டாள். செங்கோட்டை தாண்டியதும் மலைக்குள் குகை குகையாக வண்டி நுழைந்து வெளியேறியது. ஒவ்வொரு இருட்டிலும் வாப்பா தன் கையைத் தேடிப் பிடிப்பதை நூர்நிஷா உணர்ந்தாள். வெளிச்சம் வந்ததும் விட்டுவிடுவார்.

பிஜு சின்ன வயசுக்காரன். ஸ்டேஷனுக்கே வந்திருந்தான். அந்த வீட்டின் முன்னால் ரப்பர் மரங்கள். உள்ளே வரிசையாகக் கட்டில்கள். காலியாயிருந்த ஒன்றைக் காட்டினான்.

"ஆரியங்காவு ரோட்டுல நனைஞ்சு கிடந்தவரை ஒரு ஜீப்காரர் கொண்டுவந்து விட்டாரு. ஜூலை கடைசி. பேச்சே இல்ல. கஞ்சி கொடுத்தா குடிப்பாரு. அப்புறம் ஒரு நாள் ஞான் ஷேவ் பண்ணி விடறேன், அவரு தானே பேரைச் சொன்னாரு. குத்துக்கல்வலசைன்னு ஊரையும் சொன்னாரு. எனக்கு என்ன சந்தோஷம்! உடனே போன்ல அடிச்சு நோக்கினேன். தமிழ்ல அடிச்சேன், இங்கிலீஷ்ல அடிச்சேன். எல்லாம் ஸ்தலம் விக்கிற விளம்பரம். நம்ம போலீஸுக்கும் சொன்னோம். ஒண்ணும் வரல."

"பொறகு?" என்றார் அப்துல் மஜீது.

"பனி, காய்ச்சல் வந்தது. நெஞ்சுல சளி கெட்டி. ஆஸ்பத்திரியில வச்சுப் பாத்தோம். சரியாகல." அவன் மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "ஆகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமை. இங்கத்தப் பள்ளிக்காரங்கதான் குளிப்பாட்டி, தொழுவிச்சு, அடக்கினாங்க. எல்லாம் முறையா செஞ்சாங்க."

அந்த வெள்ளிக்கிழமைதான் வீட்டில் பந்தல் போட்டது. தகரத்தில் மழை விழுகிற சத்தம் நன்றாயிருக்கிறது என்று பிள்ளைகள் அடியில் ஓடிப்பிடித்து விளையாடியது நூர்நிஷாவுக்கு நினைவு வந்தது.

"அவரு போனப்புறமும் எனக்கு மனசு கேக்கல சேச்சி. இடைக்கிடை அந்தப் பேரை அடிச்சு நோக்குவேன். போன வாரம் சட்டுன்னு வந்தது." பிஜு போனைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினான். "ஒண்ணு மட்டும் மனசிலாகல. இதுல ஜூலைன்னு தேதி உண்டல்லோ. அப்பவே போட்டிருக்கீங்க. ஞான் அன்னைக்கு அத்தனை நோக்கியும் ஏன் வரல?"

நூர்நிஷா அவன் போனில் அந்தத் தேதியைப் பார்த்தாள். என்ன பதில் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாருமில்லை.

"நான்தான்ப்பா மறைச்சு வைக்கச் சொன்னேன்" என்றார் அப்துல் மஜீது.

பிஜு அவரைப் பார்த்தான். "சாயா குடிக்கலாம், வாங்க" என்று மட்டும் சொன்னான்.

கபர் ஒரு சரிவில் இருந்தது. மண் இன்னும் படியவில்லை. தலைமாட்டில் வெறும் கல் ஒன்று நட்டிருந்தார்கள். வாப்பா கையேந்தி ஓதத் தொடங்கினார். நடுவில் ஓதுவது தடம் புரண்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மறுபடியும் புரண்டது. கடைசியில் மண்ணில் உட்கார்ந்து, "ஏலே முஃபீது, ஏலே" என்று கூப்பிட்டார், வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி.

ஊர் திரும்பிய மறுநாள் சஃப்ரினும் ஹம்தானும் புளியங்குடியிலிருந்து வந்தார்கள். சஃப்ரின் உள்ளே உம்மாவிடம் போய்விட்டாள். ஹம்தான் மாமனாருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். அதிகம் பேசாதவன். எலுமிச்சங்காய்க் கமிஷன் கடைப் பையன். விரல் நகமெல்லாம் காய்ச்சாறு பட்டு வெளுத்திருக்கும்.

"புனலூர்ல எங்கன மாமா?"

அப்துல் மஜீது இடத்தைச் சொன்னார். ரப்பர் தோட்டம், அதை ஒட்டி வளைவு, முன்னால் ஒரு சர்ச்.

ஹம்தான் தன் கைகளைப் பார்த்தான். "கொல்லம் மார்க்கெட்டுக்கு வாரா வாரம் காய் ஏத்திக்கிட்டு அந்த வழியாத்தான் மாமா போறேன். அந்த வளைவுல வண்டிய நிப்பாட்டிச் சாயா குடிப்போம். ஜூலையிலயும் போனேன். ஆகஸ்ட்லயும் போனேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ரோட்டோரம் பாத்துக்கிட்டே போயிருப்பேன். எங்க வண்டிக்காரங்க எல்லாத்துக்கும் படத்தை அனுப்பியிருப்பேன். எனக்கு ஏன் மாமா சொல்லல?"

அப்துல் மஜீது நிமிர்ந்து மருமகனைப் பார்த்தார்.

"உனக்குத் தெரிஞ்சிரக்கூடாதுன்னுதான் மாப்ள எல்லாம் செஞ்சோம்" என்றார்.

ஹம்தான் எழுந்து வந்து அவர் காலடியில் உட்கார்ந்தான். அவர் அவன் தோளில் கை வைத்தார். இருவரும் அழுதார்கள். நூர்நிஷா கதவுக்குப் பின்னாலேயே நின்றாள். அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. யாராவது ஒரு வார்த்தை திட்டினால் தேவலை போலிருந்தது அவளுக்கு.

செய்தி வந்ததிலிருந்து ஏழாம் நாள் பாத்திஹா முடிந்த பிறகு பக்கத்தைத் திறந்தாள். எடுத்துவிடலாமா என்று வாப்பாவிடம் கேட்டபோது, "இருக்கட்டும். இனி ஒளிக்க என்ன இருக்கு?" என்று சொல்லியிருந்தார். 'காணவில்லை' என்பதை அழித்தாள். 'மௌத்தாகிவிட்டார்' என்று எழுதினாள். அடங்கியிருக்கிற இடத்தை எழுதினாள். பார்த்தவர்கள் அழைக்கவும் என்ற வரியை எடுத்தாள். பழக்கத்தில் கை தானாகவே கூகுளுக்குப் போய் அவன் பெயரை அடித்தது.

முதல் ஆளாக அவன்தான் வந்தான். 'காணவில்லை - முஃபீத், குத்துக்கல்வலசை. பார்த்தவர்கள் அழைக்கவும்.'

மாற்றி எழுதியது அங்கே போய்ச் சேரவில்லை. அது மறுபடி ஒரு தடவை வந்து பார்த்துப் போகவேண்டும். விண்ணப்பம் கொடுக்கிற பொத்தானைத் தேடி அவள் விரல் நகரும்போது படியில் உம்மா ஏறி வருகிற சத்தம் கேட்டது. ஜாஹிரா பீவி மூச்சு வாங்கிக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்து திரையைப் பார்த்தாள்.

"இன்னும் காணலன்னுதானே போட்டிருக்கு?"

"நான் மாத்திட்டேன் உம்மா. கூகுளுக்கு இன்னும் தெரியாது. அதுவா வந்து பாத்தாத்தான் மாறும். எழுதிப் போட்டா சீக்கிரம் மாத்திருவாங்க. போடப்போறேன்."

உம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"போடாண்டாம்ட்டி" என்றாள். "அதுக்கு மெதுவாவே தெரியட்டும்."